பூட்டவும் வேண்டும், திறக்கவும் வேண்டும்

கடலூர் முதுநகர்
4.10.2010

மாப்பிள்ளை எழிலனுக்கு,

பொன்னுரங்கம் எழுதுவது. ராமாமிர்தத்தை நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தொடை எலும்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள். தை மாதம் வரை காலை ஊன்றக் கூடாதாம். போய்ப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் பெண்டாட்டி காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் கத்தல்தான். என் தங்கச்சி, உன் பெண்டாட்டி, தீர்ப்பு சொல்லிவிட்டாள். "அண்ணே, நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசறது தெருவுக்கே கேக்குது. எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க. நம்ம ஐஸ் லாரிதான் தினம் செதம்பரம் வந்து போவுதே." கலைமணி சொன்னால் சொன்னதுதான். எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கிள்ளை இறால் குட்டையிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் அந்தக் களிமண் கரையைத் தவிர நமக்கு வேறு வழி இல்லை. அடுத்த அறுவடை தீபாவளி ஒட்டி வருகிறது, மழையும் அப்போதுதான் வரும். போன மாதம் என்ன ஆனது? நம் ஜீப்பின் பின்சக்கரத்தில் ஒன்று சேற்றில் சும்மா சுற்றியது, இன்னொன்று பேசாமல் நின்றது. ஆட்கள் தள்ளினார்கள், வண்டி பின்னால் சறுக்கியது, ராமாமிர்தம் கீழே கிடந்தான்.

பண்ருட்டி ஷெட்டுக்காரனிடம் கேட்டேன். பின்பக்க டிஃபரன்ஷியலுக்குள் பல் சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டால் இரண்டு சக்கரமும் சேர்ந்துதான் சுற்றும், ஒன்று மட்டும் ஏமாற்றாது என்கிறான். ஒரு நாள் வேலை. வண்டியைப் பண்ருட்டிக்கு அனுப்பு. மற்றதைப் பிறகு பேசுவோம்.

பொன்னுரங்கம்


சிதம்பரம்
8.10.2010

மச்சானுக்கு,

வணக்கம். வண்டியை அனுப்ப மாட்டேன்.

முதலில் ஒன்று. "தள்ளினார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களாகத் தள்ளவில்லை. நீங்கள் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, தலையை வெளியே நீட்டி, "தள்ளுங்கடா, லாரி காத்துக்கிட்டு நிக்குது" என்று கத்தினீர்கள். நான் வேண்டாம் என்றேன். என் குரல் ஸ்டியரிங்கைத் தாண்டவில்லை. ராமாமிர்தம் சுவர்ப் பக்கம் திரும்பியதற்குக் காரணம் இதுதான்.

இப்போது வெல்டிங். அந்த ஷெட்டுக்காரர் நம் கரையைப் பார்த்தாரா? பாதி தூரத்தில் மதகு இருக்கிறது. அங்கே கரை சுவர் மூலை மாதிரி சட்டென்று திரும்புகிறது. இடது பக்கம் மூன்றாம் குட்டை, வலது பக்கம் உப்பங்கழி. வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். டிஃபரன்ஷியல் என்ற ஒன்று இருப்பதே அதற்குத்தான். அதை ஒட்டிவிட்டால் நான் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் தள்ளிக்கொண்டு போகும். ஈரக் களிமண்ணில் கேட்கவே வேண்டாம். நேராகப் போனால் எங்கே போவேன் என்று உங்களுக்குத் தெரியும்.

எனக்கு வேண்டியது வேறு சாமான். சேற்றில் பூட்டு என்றால் பூட்ட வேண்டும், மதகு மூலையில் திற என்றால் திறக்க வேண்டும். லாக்கர் என்கிறார்கள். தானாகப் பூட்டித் தானாகத் திறப்பதும் உண்டு. அது எனக்கு வேண்டாம், எப்போது பூட்டும் என்று அதற்குத்தான் தெரியும். டிரைவர் கையில் இருப்பதுதான் வேண்டும். புதுச்சேரியில் ஜீப் பந்தயம் ஓட்டும் பையன்களிடம் பார்த்துவிட்டு வந்தேன். கேபிள் வைத்தது, மின்சாரத்தில் ஓடுவது, காற்றில் ஓடுவது என்று மூன்று விதம். எனக்குக் கேபிள்தான் பிடித்தது. ஒரு லீவர், ஒரு கம்பி. ஒயர் கிடையாது, மோட்டார் கிடையாது. நானே ரிப்பேர் செய்துகொள்வேன்.

அது வந்து பொருத்தும் வரை அந்தக் கரையில் லோடு ஏற்றி ஓட்ட மாட்டேன். கோபத்தில் எழுதவில்லை. மூன்று நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

எழிலன்

கலைமணி விசாரித்ததாகச் சொல்கிறாள். கடிதத்தில் கெட்ட வார்த்தை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கவரை ஒட்டினாள்.


கடலூர் முதுநகர்
13.10.2010

மாப்பிள்ளைக்கு,

கத்தினேன். இல்லை என்று சொல்லவில்லை. லாரிக்காரன் அங்கே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான், ஐஸ் உருகிக்கொண்டிருந்தது, என் சரக்கு வெயிலில் இருந்தது. நீ வண்டி ஓட்டுகிறாய், நான் வியாபாரம் ஓட்டுகிறேன். யாராவது ஒருவன் கத்தத்தான் வேண்டும்.

வெல்டிங் கதையை விடு. மதகு மூலையை நான் யோசிக்கவில்லை. அது உன் பக்கம் நியாயம்.

ஆனால் கேபிள் என்றாயே, அதில் என்னை ஏமாற்ற முடியாது. நான் துறைமுகத்தில் சைக்கிளில் ஐஸ் வைத்து விற்று மேலே வந்தவன். ஒரு சாமான் எப்படி ஓடும் என்று எந்தக் கடைக்காரனும் வாய் நிறையச் சொல்வான். எப்படிக் கெடும் என்று கேள், அப்போதுதான் அவன் உன்னை நிமிர்ந்து பார்ப்பான். கோயம்புத்தூரில் லாக்கர் விற்கிறவரைப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "சார், இது கெட்டுப்போனா பூட்டின மாதிரி நிக்குமா, தெறந்த மாதிரி நிக்குமா?"

மனுஷன் கேள்வியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். கேபிள் துருப்பிடித்து உறைக்குள் இறுகிவிட்டால், எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே நிற்குமாம். பூட்டியிருந்தால் பூட்டியே இருக்கும். நம் கரை முழுக்க உப்புத்தண்ணீர். நம் ஜீப்பின் கைபிரேக் கேபிள் எத்தனை தடவை இறுகியிருக்கிறது, நீயே சொல். மின்சாரம் போனால் திறந்துகொள்ளும், ஆனால் அதன் கம்பிச் சுருளும் ஒயர் இணைப்பும் டிஃபரன்ஷியல் பக்கத்திலேயே உப்பில் குளிக்கும், ஒரு மழைக்கு மேல் அதை நம்ப முடியாது. காற்று வைத்ததில் கம்ப்ரஸரை சீட்டுக்கு அடியில் உயரமாக வைத்துக்கொள்ளலாம். குழாய் வழியாகக் காற்று போனால் பூட்டும். குழாய் அறுந்தாலும் மோட்டார் செத்தாலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தள்ளித் திறந்துவிடும்.

வண்டி சேற்றில் நின்றுபோனால் கயிறு கட்டி இழுத்துக்கொள்ளலாம். திரும்பாமல் கழியில் இறங்கிவிட்டால் யாரை இழுப்பது?

காற்று லாக்கருக்குச் சொல்லிவிட்டேன். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து வண்டி மாடலையும் சொல்லியாயிற்று. ஒன்று மட்டும். அதைப் பூட்டுகிற சுவிட்சை டாஷ்போர்டுக்கு நடுவில் வை. என் கைக்கும் எட்ட வேண்டும். நீ பயந்துகொண்டு தயங்குகிற இடத்தில் நான் போட்டுவிடுவேன்.

பொன்னுரங்கம்

சாமான் தாமதமானால் அறுவடை நிற்காது. டிராக்டர் ஓட்டுகிற தேவசகாயத்திடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறேன்.


சிதம்பரம்
18.10.2010

மச்சானுக்கு,

உங்கள் கேள்வி நல்ல கேள்வி. எனக்கு அது தோன்றவில்லை. எது சுலபமாக ரிப்பேர் ஆகும் என்று நான் பார்த்தேன், ரிப்பேர் ஆகிற நேரத்தில் நான் எங்கே இருப்பேன் என்று நீங்கள் பார்த்தீர்கள். காற்று லாக்கரே சரி.

சுவிட்ச் உங்கள் கைக்கு எட்டாது. அது என் வலது பக்கம், கதவு ஓரம்.

இனி தேவசகாயம். சனிக்கிழமை நான் குட்டைக்குத் தீனி மூட்டை கொண்டுபோனபோது அவர் கையில் ஜீப் சாவியோடு நிற்கிறார். "மொதலாளி குடுத்தாரு எழிலா. பண்ருட்டியில வெல்டிங் வெச்சி எடுத்தாரச் சொன்னாரு" என்கிறார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. "கறுப்பு ஜீப்புனாரு, இதுதானே?" என்று வேறு கேட்கிறார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

வெல்டிங் கதையை விடு என்று பதின்மூன்றாம் தேதி எழுதினீர்கள். பதினாறாம் தேதி சாவி கொடுத்து அனுப்புகிறீர்கள். அந்த மூலையில் தேவசகாயம் வண்டியோடு கழிக்குள் போனால் பரவாயில்லை, அவர் உங்கள் தங்கச்சி புருஷன் இல்லை, அதுதானே கணக்கு?

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். வண்டியைக் கட்டைமேல் நிறுத்தி, பின்சக்கரங்களைக் கழற்றி, இரண்டு ஆக்ஸிலையும் உருவி எடுத்து, சாக்கில் சுற்றி பஸ்ஸில் சிதம்பரம் கொண்டுவந்துவிட்டேன். கண்டக்டர், "என்னாது அது, துப்பாக்கியா?" என்று கேட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். இப்போது அவை என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. இனி அந்த வண்டியை நானும் ஓட்ட முடியாது, யாரும் ஓட்ட முடியாது. கலைமணி பெருக்கும்போது அதில் காலை இடித்துக்கொண்டு நம் இருவரையும் சேர்த்துத் திட்டினாள்.

இதில் ஒரு நன்மை. ஆக்ஸிலின் முனையைத் துடைத்துப் பார்த்தேன். டிஃபரன்ஷியலுக்குள் போய் உட்காரும் அந்த முனையில் சுற்றிலும் பல் வெட்டியிருக்கும். அந்தப் பல் எண்ணிக்கைக்குத் தகுந்த லாக்கர்தான் உள்ளே ஏறும். இதில் பத்துப் பல். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மாடலுக்குப் பத்தொன்பது என்கிறார்கள் புதுச்சேரிப் பையன்கள். நாம் ஏலத்தில் எடுப்பதற்கு முன்பே யாரோ இந்தப் பின்பாகத்தை மொத்தமாக மாற்றியிருக்கிறார்கள். நீங்கள் எதற்கு ஆர்டர் கொடுத்திருக்கிறீர்கள்?

எழிலன்


கடலூர் முதுநகர்
20.10.2010

எழிலனுக்கு,

என் வண்டியின் ஆக்ஸிலை உருவிக்கொண்டு போனவனை மாப்பிள்ளை என்று எழுதக் கை வரவில்லை.

ஆமாம், தேவசகாயத்தை அனுப்பினேன். லாக்கர் நேரத்துக்கு வராவிட்டால் என்ன செய்வது என்று ஒரு மாற்று வழி வைத்தேன். ஒற்றை வழியை நம்பி நான் எந்த வியாபாரமும் செய்ததில்லை. ஆனால் உன் கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதியிருக்கிறாயே, "அதுதானே கணக்கு" என்று. நேற்று அதை நினைத்துச் சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிட்டேன். நான் அப்படிக் கணக்குப் போடவில்லை. கணக்கே போடவில்லை. அதுதான் உண்மை. அது உனக்கு இன்னும் மோசமாகத் தெரிந்தால் தெரியட்டும்.

பத்தொன்பதுக்குத்தான் சொல்லியிருந்தேன். உடனே கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். பார்சல் அங்கே கட்டி வைத்தபடி இருந்தது. "நல்லவேளை சார், நாளைக்கு ஏத்தியிருப்போம். யாரு சார் கழட்டிப் பாத்தது?" என்றார் அவர். என்னத்தைச் சொல்வது? "வீட்ல ஒரு திருடன் இருக்கான்" என்றேன். பத்துப் பல் லாக்கர் அவரிடம் ஒன்றே ஒன்று இருக்கிறதாம். இருபத்தி மூன்றாம் தேதி சிதம்பரம் பார்சல் ஆபீசுக்கு வந்துவிடும். நீயே எடுத்துக்கொள்.

சீக்கிரம் பொருத்து. பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் இறாலுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்துவிட்டதாம். நமக்கும் அவனுக்கும் ஒரே கழித் தண்ணீர். நம் குட்டையில் வந்தால் தீபாவளி வரை யாரும் காத்திருக்க முடியாது. இரண்டு நாளில் எல்லாம் செத்து மிதக்கும்.

பொன்னுரங்கம்


சிதம்பரம்
27.10.2010

மச்சானுக்கு,

அவசரம். இதை லாரி டிரைவர் கையில் கொடுத்து, நேரே உங்களிடம் தரச் சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை தீனித் தட்டைத் தூக்கிப் பார்த்தேன். தீனி அப்படியே இருந்தது. மூன்றாம் குட்டையில் இறால் கரை ஓரமாக ஒதுங்கி மெதுவாக நீந்துகிறது. ஒன்றைப் பிடித்துத் தலை ஓட்டை வெளிச்சத்தில் பார்த்தேன். வெள்ளைப் புள்ளி. நாளை மறுநாள் விடியற்காலையில் மொத்தமாகப் பிடித்தாக வேண்டும். வலைக்கும் ஆட்களுக்கும் சொல்லிவிட்டேன். தரம் பிரிக்கும் பெண்களை தில்லையம்மாள் கூட்டிவருகிறார். ஐஸும் லாரியும் உங்கள் பொறுப்பு.

லாக்கர் ஏறிவிட்டது. இங்கிருந்து மெக்கானிக்கைக் குட்டைக்கே கூட்டிப்போய் இரண்டு நாள் போராடினோம். நேற்று மழைக்குப் பிறகு லோடு இல்லாமல் கரையில் ஓட்டினேன். பழைய இடத்திலேயே வேண்டுமென்று நிறுத்தி எடுத்தேன். ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. சுவிட்சைப் போட்டேன். சீட்டுக்கு அடியில் கம்ப்ரஸர் உறுமியது, பின்னால் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டு சக்கரமும் சேர்ந்து மண்ணைக் கடித்தது. வண்டி மாடு எழுந்திருப்பது போல எழுந்து வெளியே வந்தது. மதகுக்கு முன்னால் சுவிட்சை அணைத்தேன், மூலையில் ஒழுங்காகத் திரும்பியது. பொய் சொல்ல மாட்டேன், தனியாக இருந்தும் சிரித்தேன்.

ஆனால் லோடோடு இன்னும் பார்க்கவில்லை. பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள்.

நான் ஓட்டுகிறேன். அதற்கு இரண்டு விஷயம். வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, என்ன ஆனாலும் சரி. நீங்கள் வண்டியில் ஏறக் கூடாது. மெயின் ரோட்டில் லாரி பக்கத்தில் நில்லுங்கள். இதற்குச் சம்மதம் இல்லை என்றால் லாரி டிரைவரிடம் சொல்லி அனுப்புங்கள். ஆக்ஸிலை மறுபடி உருவ எனக்கு ஒரு மணி நேரம் போதும்.

எழிலன்


கடலூர் முதுநகர்
1.11.2010

மாப்பிள்ளை எழிலனுக்கு,

மூன்றாம் குட்டைச் சரக்கை கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிவிட்டான். ஐஸுக்கு வருவதற்குள் சூடாகிவிட்டதாம். கருவாட்டுக்காரனிடம் தள்ளினேன். முதல் இரண்டு குட்டைச் சரக்கு மட்டும் தப்பியது. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நீ சொன்னபடி லாரி பக்கத்தில்தான் நின்றேன். வண்டி போய் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நடைக்கும் பெட்டி பெட்டியாக இறங்கியது. எனக்கே பெருமையாக இருந்தது. லாரிக்காரனிடம், "காத்துல ஓடுது தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு மழை பிடித்தது. வண்டி வரவில்லை. நின்றேன், நின்றேன், வரவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கரையில் ஓடினேன். இந்த வயதில், இந்த வயிற்றோடு.

மதகுக்கு இந்தப் பக்கம் வண்டி நிற்கிறது. மூன்றாம் குட்டைச் சரக்கு முழுக்க அதில் இருக்கிறது. நீ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நிற்கிறாய். காற்றுக் குழாய் சைலன்சரில் பட்டு உருகிவிட்டது, சேற்றில் பூட்டவில்லை என்றாய். ஆட்கள் எல்லாம் ஓரமாக நிற்கிறார்கள். "தள்ளுங்கடா!" என்று கத்தினேன். ஒருத்தன் அசையவில்லை. தில்லையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க தள்ளுங்க மொதலாளி. நாங்க நின்னு பாக்கறோம்."

தள்ளினேன். நானே பின்னால் போய்த் தோளைக் கொடுத்து, "எடு மாப்ள, எடு!" என்றேன். நீ சாவியைச் சட்டைப் பையில் போட்டாய். வண்டியில் ஏறவில்லை. என் சட்டைக் காலரைப் பிடித்து முன்பக்கம் இழுத்துக்கொண்டு வந்து விட்டாய். இத்தனை பேர் பார்க்க. பிறகு பெட்டிகளை இறக்கச் சொன்னாய். பெண்கள் தலையில் சுமந்து லாரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஒரு பெட்டி சுமந்தேன். அந்த நடையில்தான் சரக்கு போனது.

அன்று உன்னோடு பேசாமல் வந்துவிட்டேன். காலரைப் பிடித்தவன் முகத்தில் இனி விழிப்பதில்லை என்று நினைத்தேன்.

நேற்று மழை விட்டதும் செருப்பைத் தேடப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். செருப்புக்காக யார் கிள்ளை வரைக்கும் போவார்கள்? வண்டி நின்ற இடத்தைப் பார்க்கப் போனேன். டயர் தடம் இருக்கிறது. தடத்துக்குப் பின்னால் கரை இல்லை. நான் தோள் கொடுத்து நின்ற மண் மொத்தமாகச் சரிந்து கழிக்குள் இறங்கியிருக்கிறது. நம் வீட்டுக் கூடம் அளவுக்கு. காவல்காரனைக் கேட்டேன். "வெள்ளிக்கிழமை சாயங்காலமே எறங்கிடுச்சிங்க. நீங்க போன கொஞ்ச நேரத்துல" என்றான்.

செருப்பைத் தேடாமலே திரும்பி வந்தேன்.

கோயம்புத்தூர்க்காரரிடம் பேசினேன். சூட்டுக்கு உருகாத, மேலே எஃகுக் கம்பி பின்னிய குழாய் இருக்கிறதாம். எத்தனை அடி வேண்டும் என்று எழுது.

பொன்னுரங்கம்


சிதம்பரம்
3.11.2010

மச்சானுக்கு,

காலரைப் பிடித்தது தப்புதான். வேறு எதைப் பிடிப்பது என்று அப்போது தெரியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் என்னைப் பற்றிப் பெரிதாக நினைத்துக்கொண்டிருக்கப் போகிறீர்கள். கரை சரியும் என்று எனக்குத் தெரியாது. வண்டி பின்னால் சறுக்கும் என்றுதான் பயந்தேன். நான் ஏறி வண்டியைக் கிளப்பியிருந்தால், அந்த அதிர்வில் அப்போதே மண் இறங்கியிருக்கும். நீங்கள், வண்டி, நான், மூன்றாம் குட்டைச் சரக்கு எல்லாம் ஒன்றாகக் கழியில் இருந்திருப்போம். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் இது எனக்கே தெரிந்தது. கலைமணி வாங்கிப் படித்தாள். மடித்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் திட்டாமல் போனது இதுதான் முதல் தடவை.

லாக்கர் சக்கரத்தைத்தான் பிடிக்கும். மண்ணைப் பிடிக்காது. ஆகவே முதலில் கரை. மதகுக்கு இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை அடித்து, செங்கல் ஜல்லி கொட்டாமல் இனி அங்கே வண்டி இறங்காது. இதை நான் உங்களைக் கேட்கவில்லை, சொல்கிறேன்.

குழாய் பதினோரு அடி. சைலன்சருக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோகிறேன், அதனால் நீளம் கூடுதல். ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் முனையில் உள்ள நட்டு என்ன அளவு என்று அவரிடம் கேளுங்கள். புத்தகத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள். பழைய குழாயின் முனையை வெட்டி இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன்.

எழிலன்